பதிவிட்ட பின் தொடங்கும் வேலை

2023ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் ட்விட்டர், பயனர்களின் முகப்பில் எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் தனது நிரலின் ஒரு பகுதியைப் பொதுவெளியில் வெளியிட்டது. ஒரு பதிவுக்கு மதிப்பெண் போடும்போது பயனரின் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு எடை தரப்படுகிறது என்ற விவரமும் அடுத்த சில நாட்களில் அதன் விளக்கக் குறிப்பில் இடம்பெற்றது. ஒருவர் ஒரு பதிவுக்கு லைக் இடக்கூடும் என்பதற்கு 0.5, அதை மறுபகிர்வு செய்யக்கூடும் என்பதற்கு 1, அதற்குப் பதில் எழுதக்கூடும் என்பதற்கு 13.5, அவர் எழுதிய பதிலைப் பதிவிட்டவரே திரும்பக் கவனித்து அதில் ஈடுபடக்கூடும் என்பதற்கு 75. பதில்கள் லைக்குகளைவிட மிக அரிதாக வருபவை என்பதால் தொடக்கத்திலேயே அவற்றுக்குக் கூடுதல் எடை வைக்கப்பட்டது என்றும், பின்னர் அந்த எடைகள் அவ்வப்போது திருத்தப்பட்டன என்றும் அதே குறிப்பு விளக்கியது. அந்த விளக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் 13.5க்கும் 75க்கும் இடையிலுள்ள தூரம் கவனிக்க வேண்டிய ஒன்று. வாசகர் பேசுவதற்கு ஒரு மதிப்பு. அவர் பேசியதைக் கேட்டுப் பதிவிட்டவரும் திரும்பப் பேசுவதற்கு அதைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட மதிப்பு.

சிறு, நடுத்தர நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். புதிதாக வரும் உரிமையாளர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்: எதைப் பதிவிடுவது, எந்த நேரத்தில் பதிவிடுவது, எத்தனை ஹேஷ்டேக் போடுவது, ரீல்ஸ் நல்லதா புகைப்படம் நல்லதா. பதிவிட்ட பிறகு வருகிறவர்களிடம் யார் பேசுவது என்ற கேள்வியைத் தாமாகக் கேட்பவர்கள் மிகக் குறைவு. என் அனுபவத்தில் ஒரு நிறுவனத்தின் பக்கம் உயிரோடு இருப்பதும் உறங்கிப்போவதும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. பதிவுகள் சுமாராக இருந்தும் பதில்கள் நன்றாக இருந்ததால் வளர்ந்த பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவுகள் பளபளப்பாக இருந்தும் பதில்களே இல்லாமல் வளர்ந்த பக்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

உரையாடலுக்குக் கூடுதல் எடை தருவது ட்விட்டர் ஒன்றின் தனிப்போக்கும் அன்று. ஒவ்வொரு தளமும், விரல் நுனியில் முடிந்துவிடும் செயலையும் மனம் ஊன்றிச் செய்யும் செயலையும் பிரித்தறியவே பல ஆண்டுகளாக முயன்றுவருகிறது. பேஸ்புக் 2009இல் லைக் பொத்தானைக் கொண்டுவந்தது. 2010இல் தன் முகப்பு எப்படி வரிசைப்படுத்தப்படுகிறது என்று விளக்கியபோது பதிவிட்டவருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள நெருக்கம், செயலின் எடை, பதிவின் வயது ஆகிய மூன்றையும் சொன்னது. 2017 டிசம்பரில், 'ஆம் என்றால் லைக் செய்யுங்கள்', 'நண்பரை டேக் செய்யுங்கள்' என்று கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே மார்க் சக்கர்பெர்க், நிறுவனங்களின் பொதுப் பதிவுகள் குறைவாகவும் மனிதர்களுக்கிடையே உரையாடலைத் தூண்டும் பதிவுகள் கூடுதலாகவும் காட்டப்படும் என்று எழுதினார். யூடியூப் 2012இலேயே பார்வைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை முதன்மையாக்கியது. ஏமாற்றும் முகப்புப் படத்தைக் கண்டு சொடுக்கிவிட்டு உடனே வெளியேறுகிறவர்களின் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை என்பது அதற்குப் புரிந்திருந்தது. லிங்க்ட்இன் 2020இல் ஒரு பதிவில் கண் தங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில், பார்க்கும் நேரம், லைக்குகள், தனிச்செய்தியில் மற்றவருக்கு அனுப்புதல் ஆகிய மூன்றையும் முக்கியமானவையாகக் குறிப்பிட்டு, ஏற்கெனவே பின்தொடராத புதியவர்களைச் சென்றடைவதில் அனுப்புதலுக்கே கூடுதல் பங்கு என்று விளக்கினார்.

இந்த அறிவிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களில் பலர், அல்காரிதத்தை வெல்வதற்கான புதிய உத்தி எது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அவற்றிலிருந்து கிடைப்பது வேறொரு நிம்மதி. வாடிக்கையாளரிடம் அக்கறையுள்ள ஒரு நல்ல வணிகர் எந்தத் தளமும் இல்லாத காலத்தில் என்ன செய்திருப்பாரோ, அதை அடையாளம் காணவே இந்தக் கணக்குகள் எல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே உத்திகளை மாதந்தோறும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை.

பதில் எழுதுவதில் நேரம் செலவழிப்பது வீண் என்று நினைக்கும் உரிமையாளர்கள் ஒரு கணக்கைச் சொல்வதுண்டு: ஒரு கேள்வியை ஒருவர்தான் கேட்டார், அவருக்காக இவ்வளவு எழுத வேண்டுமா? இதற்கு விடையாக நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய ஒரு கட்டுரையை. இணையச் சமூகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது பங்களிக்கிறார்கள், எஞ்சிய 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுகிறார்கள் என்பது அதன் சாரம். இந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் பேசுபவர்கள் சிலர், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர் என்ற நிலை எந்தப் பக்கத்திலும் மாறுவதில்லை. ஒருவருக்கு எழுதும் பதிலை, அதே ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கிய பலர் படிக்கிறார்கள். இந்த நிறுவனத்திடம் பொருள் வாங்கிவிட்டுப் பிறகு ஒரு சிக்கல் என்று போனால் எப்படி நடத்துவார்கள் என்பதை அந்த அமைதியான வாசகர்கள் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, கருத்துப் பகுதியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

ஆகவே பதில் என்பதை ஒரு சடங்காக நினைக்கக் கூடாது. 'நன்றி', கைகூப்பும் ஸ்மைலி, ஒரு இதயம், இவை மட்டும் வரிசையாக நிற்கும் கருத்துப் பகுதியைப் பார்த்தால், அங்கே யாரும் இல்லை என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. மிதிவண்டி விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புதிய வண்டியின் படத்துக்குக் கீழே ஒருவர், 'இது என் மகளுக்குச் சரியாக இருக்குமா?' என்று கேட்கிறார். 'சரியாக இருக்கும், உடனே ஆர்டர் செய்யுங்கள்' என்பது ஒரு பதில். 'மகளின் உயரம் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? இந்த வண்டியில் இருக்கையை மிகத் தாழ்த்தினாலும், கால் தரையில் ஊன்றும் அளவுக்கு உயரமில்லாத குழந்தைக்கு நிறுத்தும்போது தடுமாற்றம் இருக்கும். அப்படியானால் இதற்கு அடுத்த சிறிய அளவே நல்லது' என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதில், விற்பனையை ஒரு படி தள்ளிப்போடுகிறது. ஆனால் கேட்டவர் திரும்ப வந்து உயரத்தைச் சொல்கிறார், இன்னொரு பெற்றோர் தம் மகனின் உயரத்தைச் சொல்லிக் கேட்கிறார், ஏற்கெனவே வாங்கிய ஒருவர் தம் அனுபவத்தை எழுதுகிறார். யாரையும் டேக் செய்யச் சொல்லிக் கெஞ்சாமலே ஒரு உரையாடல் உருவாகிவிடுகிறது.

இந்த இடத்தில் நான் மிகவும் எதிர்க்கும் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விலை என்ன என்று யார் கேட்டாலும் 'இன்பாக்ஸ் பாருங்கள்' என்று எழுதிவிட்டுப் போவது. போட்டியாளருக்கு விலை தெரியக்கூடாது என்பது சொல்லப்படும் காரணம். போட்டியாளர் வேறொரு பெயரில் வந்து கேட்டுக்கொள்ள எத்தனை நிமிடம் ஆகும்? இழப்பு முழுவதும் நமக்கே. கேட்டவர் தயங்குகிறார், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள், பொதுவில் தொடங்கிய உரையாடல் அங்கேயே முடிகிறது. விலை ஆளுக்கு ஆள் மாறும் வகையான சேவை என்றால், எதனால் மாறுகிறது, குறைந்தபட்சம் எங்கே தொடங்குகிறது என்பதையாவது பொதுவில் சொல்லிவிட்டு, மீதியைத் தனிச்செய்தியில் பேசலாம்.

பதிலை யார் எழுதுவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பல நிறுவனங்களில் பக்கத்தின் பொறுப்பு, பொருளைப் பற்றி எதுவும் தெரியாத, எந்த வாக்குறுதியும் தர அதிகாரம் இல்லாத ஒருவரிடம் விடப்பட்டிருக்கிறது. அவரால் எழுத முடிந்தது 'எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்' என்பது மட்டுமே. அது அவருடைய குறை அன்று. அந்த வேலைக்குத் தேவையானதை நிறுவனம் அவருக்குத் தரவில்லை. நான் பணிபுரியும் இடங்களில் முதலில் கேட்பது, பழுது பார்ப்பவர், கிடங்கைக் கவனிப்பவர், கணக்கு எழுதுபவர் ஆகியோரில் யாரிடம் எந்தக் கேள்வியை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஒரு பட்டியல். பழுது பார்ப்பவர் ஒரு குரல்செய்தியில் சொல்வதைப் பக்கத்தின் பொறுப்பாளர் எழுத்தாக்கி இட்டால் போதும். தொழிலைக் கையால் செய்கிறவரின் சொற்களில் இருக்கும் துல்லியத்தை எந்த விளம்பர எழுத்தாளராலும் உருவாக்க முடியாது. வாசகர்கள் அதை உடனே உணர்கிறார்கள்.

அடுத்தது குறைகூறும் கருத்துகள். பொருள் உடைந்து வந்தது, தாமதமாக வந்தது, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்று எழுதுகிறவரின் கருத்தை அழித்துவிடத் தோன்றும் உந்துதல் எனக்கும் புரிகிறது, ஏனென்றால் அந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவருக்கு அது நெஞ்சில் குத்துவது போலத்தான் இருக்கும். ஆனாலும் வசையும் ஒருவரின் தனிப்பட்ட விவரங்களும் தவிர வேறு எதையும் அழிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பொதுவிலேயே முதல் பதிலை எழுத வேண்டும். நடந்தது இன்னது என்று ஏற்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எந்த நாளுக்குள் என்று சொல்ல வேண்டும். ஆர்டர் எண் போன்றவற்றுக்கு மட்டும் தனிச்செய்திக்குப் போக வேண்டும். பெரும்பாலானோர் மறந்துவிடும் கடைசிப் படி ஒன்று உண்டு: சிக்கல் தீர்ந்த பிறகு அதே பொது இழைக்குத் திரும்பிவந்து, மாற்றுப் பொருள் சேர்ந்துவிட்டதா என்று கேட்பது. அந்த ஒரு வரி இல்லையென்றால், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அந்தக் குறை என்றென்றும் தீராததாகவே நின்றுவிடும்.

தளங்களும் கோபத்தைக் கணக்கில் எடுக்கின்றன. மேலே சொன்ன அதே ட்விட்டர் குறிப்பில், இத்தகைய பதிவு வேண்டாம் என்று குறிப்பது, முடக்குவது போன்ற எதிர்வினைகளுக்கு −74, புகார் அளிப்பதற்கு −369 என்று எடை தரப்பட்டிருந்தது. எரிச்சலூட்டும் பதிவு ஒன்று, பல நல்ல பதிவுகள் சேர்த்துவைத்த நன்மதிப்பைக் கரைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதில்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, பதிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், கருத்துப் பகுதியில் வந்தாலும் தொலைபேசியில் வந்தாலும் நேரில் வந்தாலும், அவர் பயன்படுத்திய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்வது என் வழக்கம். 'சங்கிலி ஏன் அடிக்கடி கழன்றுவிடுகிறது?' என்று கேட்பவர், 'பல்சக்கரச் சீரமைப்பு' என்ற தலைப்பிட்ட பதிவைத் தன் கேள்விக்கான விடையாக அடையாளம் காணமாட்டார். அவருடைய கேள்வியையே தலைப்பாக வைத்து, ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று எழுதினால், படித்தவர் அதைச் சேமித்துக்கொள்கிறார், அதே சிக்கல் உள்ள நண்பருக்கு அனுப்புகிறார். மொசேரி குறிப்பிட்ட அந்த அனுப்புதல் இப்படித்தான் நிகழ்கிறது. இன்னொருவருக்கு அனுப்பத் தகுந்தது எதுவென்றால், அனுப்புகிறவரை அக்கறையுள்ளவராகக் காட்டும் பயனுள்ள ஒன்று. கணக்காளர் அலுவலகம் போன்ற, அழகான படம் எடுக்க எதுவும் இல்லாத தொழில்களுக்கும் இந்த வழி அப்படியே பொருந்துகிறது. எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு பக்க விளக்கம், எந்தக் கவர்ச்சியான காணொளியையும்விட நீண்ட நாள் பகிரப்படும்.

பதிவின் முடிவில் வாசகரைக் கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் 'உங்கள் கருத்து என்ன?' என்ற கேள்விக்கு யாராலும் எளிதில் விடை சொல்ல முடியாது. அது அவரை ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறது. 'கடைசியாகச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டது எப்போது?' என்றால் தன் வாழ்க்கையிலிருந்தே அவர் விடை சொல்லிவிடலாம். அதோடு, வந்த விடைகளை வைத்து நிறுவனம் ஏதாவது செய்ய வேண்டும். பலரும் ஒரே தவறைச் செய்வது தெரியவந்தால் அதைச் சரிசெய்வது எப்படி என்று அடுத்த பதிவை எழுதலாம். ஒருவர் சொன்ன நல்ல யோசனையை அவருடைய அனுமதியோடு, அவர் பெயரைச் சொல்லி முன்வைக்கலாம். கேட்டுவிட்டு மறந்துவிடும் கேள்விகளுக்கு மக்கள் மூன்றாம் முறை விடை எழுதுவதில்லை.

நேரம், ஹேஷ்டேக், எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியே உங்கள் வாசகர்கள் எப்போது இணையத்தில் இருக்கிறார்கள் என்று காட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் பதில் எழுத ஆள் இல்லையென்றால், ஆள் இருக்கும் நேரத்தில் பதிவிடுவதே மேல். ஹேஷ்டேக் என்பது 2007இல் இணைய வடிவமைப்பாளர் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்மொழிந்தபோது ஒரே பொருளில் பேசுகிறவர்களை ஒன்றுசேர்க்க வந்தது. அந்தப் பயனுக்கு ஓரிரண்டு போதும். வாரத்துக்கு எத்தனை பதிவு என்பதை, எத்தனை பதிவுகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுத முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். காணொளிகளுக்குக் கீழே எழுத்துவரிகள் அவசியம். காது கேளாதவர்களுக்கும், ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் பெருந்திரளுக்கும் அவை இல்லாமல் காணொளி இல்லை.

எண்களை விரைவாக உயர்த்த மூன்று குறுக்குவழிகள் எப்போதும் முன்வைக்கப்படும். முதலாவது, சினத்தைத் தூண்டும் பதிவுகள். பேஸ்புக் 2017இலிருந்து கோபம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்புத் தந்துவந்தது. கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்யும் நச்சுத்தன்மையும் மிகுந்திருப்பதை அதன் ஆய்வாளர்களே கண்டறிந்தனர், 2020 செப்டம்பரில் கோபக்குறியின் மதிப்பு பூஜ்ஜியமாக்கப்பட்டது. அந்த வழியில் கூட்டம் சேர்த்தவர்களிடம் இறுதியில் சண்டைக்கு வந்தவர்களே எஞ்சினர், வாடிக்கையாளர்கள் எஞ்சவில்லை. இரண்டாவது, பரிசுப் போட்டிகள். பரிசு யாருக்கும் பிடிக்கும் பொதுவான ஒன்றாக இருந்தால், பரிசுக்காக வந்தவர்கள் முடிவு வெளியானதும் அமைதியாகிவிடுகிறார்கள், பக்கத்தின் சுமையாக அங்கேயே தங்கியும் விடுகிறார்கள். பரிசு நிறுவனத்தின் சேவையோடு நெருங்கியதாக இருந்தால், உதாரணமாக வண்டியை ஒருமுறை முழுமையாகப் பழுதுபார்த்துத் தருவதாக இருந்தால், வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். எண்ணிக்கை சிறிதானாலும் அது பயனுள்ள சிறுமை. மூன்றாவது, பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஆகஸ்டில் இறுதிசெய்து அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலிப் பின்தொடர்பவர்களையும் பார்வைகளையும் அறிந்தே வணிகத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பேசாத ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் நடுவே நம் உண்மையான வாசகர்கள் எத்தனை பேர் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இனி அளவிடுதல். ஈடுபாட்டு விழுக்காடு, அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் பதிவில் ஏதேனும் செய்தார்கள் என்ற ஒற்றை எண்ணைக் கேட்கும் உரிமையாளர்களுக்கு, வகுக்கும் எண் எது என்று முதலில் கேட்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் ஒரு பதிவு இரண்டாயிரம் பேரைச் சென்றடைந்து, முந்நூறு பேர் அதில் ஏதேனும் ஒன்றைச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்தொடர்பவர்களால் வகுத்தால் 3 விழுக்காடு, சென்றடைந்தவர்களால் வகுத்தால் 15 விழுக்காடு. இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடை. பதிவு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இரண்டாவது சொல்கிறது, பக்கத்துக்கும் அதன் மக்களுக்கும் உறவு எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதை முதலாவது சொல்கிறது. ஒரு மாதம் இதையும் மறுமாதம் அதையும் எடுத்துக்கொண்டு வளர்ச்சி என்று காட்டும் அறிக்கைகளை நம்பக் கூடாது.

இன்னொன்றையும் உரிமையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. உரையாடல் ஆழமாக ஆக, அதில் ஒரு பகுதி பொதுவெளியிலிருந்து தனிச்செய்திகளுக்கு நகர்ந்துவிடும். அங்கே மக்கள் தங்கள் வண்டியின் படத்தை அனுப்புகிறார்கள், அளவுகளைச் சொல்கிறார்கள், குடும்பத்தின் தேவையை விளக்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் பொதுவான கருத்துகளின் எண்ணிக்கை தேங்கலாம், குறையவும் செய்யலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கம் மந்தமாகிவிட்டதாகத் தோன்றும். அதனால் என் மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் இப்போது எண்கள் இருப்பதில்லை. அந்த மாதம் வாடிக்கையாளர்கள் கேட்ட புதிய கேள்விகள், அவற்றில் விடை சொல்லப்பட்டவை, விடை தெரியாமல் நிற்பவை, முன்பு பேசியவர்களில் திரும்பி வந்து பேசியவர்கள், முதல் பதிலுக்கு ஆன நேரம் ஆகியவை அங்கே இருக்கின்றன. லைக்குகளும், பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற ரீச்சும் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. விடை தெரியாமல் நிற்கும் கேள்விகளின் வரிசையைப் பார்த்துவிட்டு, அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழுது பார்ப்பவரிடம் உரிமையாளர் எழுந்து போனாரென்றால், அடுத்த மாதத்துக்கான பதிவுகள் தயாராகத் தொடங்கிவிட்டன என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.